குழாய் வெடித்தால் எந்த வால்வைப் பூட்டுவது?

குளியலறைக் குழாய் வெடித்ததும் வாசலுக்கு ஓடி, மீற்றர் அருகிலுள்ள வால்வைப் பூட்டிவிட்டு, அதன் பிறகும் தண்ணீர் கொட்டுவதைக் கண்டு திகைப்பவர்கள் கொழும்பில் பலர். வால்வுதான் பழுது என்று எண்ணி அதையே மேலும் முறுக்குவார்கள். உண்மையில் அந்தக் குளியலறைக்கு வருவது வீதிக் குழாயின் தண்ணீர் அன்று, கூரை மேலுள்ள தாங்கியின் தண்ணீர். இங்குள்ள பல வீடுகளில் முற்றத்துக் குழாயும் சமையலறைக் குழாய்களில் ஒன்றும் வீதி இணைப்பிலிருந்து நேரடியாகவும், ஏனையவை தாங்கியிலிருந்தும் தண்ணீர் பெறுகின்றன. ஆகவே தண்ணீரை நிறுத்துமிடம் ஒரு வீட்டில் குறைந்தது இரண்டாவது இருக்கும். எந்தக் குழாய் எந்த வால்வுக்கு உட்பட்டது என்பதை ஆபத்தில்லாத ஒரு நாளிலேயே அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் மீற்றரைப் பாருங்கள். அது பெரும்பாலும் மதிலோரத்திலோ கேற்றுக்கு அருகிலோ இருக்கும். மீற்றரும் அதற்கு முன்னுள்ள பகுதியும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பில் உள்ளவை. அங்கே கசிவு கண்டால் கை வைக்காமல் 1939 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். மீற்றரைத் தாண்டி வீட்டுப் பக்கமாக உள்ள வால்வே நீங்கள் பூட்டவேண்டியது. பூச்சட்டிகளுக்கும் பழைய செங்கற்களுக்கும் பின்னால் அது மறைந்து கிடந்தால், இன்றே அவற்றை அப்புறப்படுத்துவது நல்லது.

அடுத்தது தாங்கி. அங்கே பல குழாய்கள் பொருத்தப்பட்டிருக்கும். மேற்புறமாக மிதவை வால்வோடு உள்ளே நுழைவது தண்ணீர் வரும் வழி. விளிம்பை ஒட்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது நிரம்பி வழிவதற்கானது. அடிப்பகுதியிலிருந்து வீட்டை நோக்கி இறங்குவதே நமக்கு வேண்டியது. அதில் ஒரு வால்வு இருக்கும். கழுவும்போது தாங்கியைக் காலி செய்வதற்கான குழாயும் அடியிலேயே இருப்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இறங்கும் குழாயின் வால்வைப் பூட்டிவிட்டுக் கீழே வந்து எல்லாக் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். சில நிமிடங்களில் ஓய்ந்துவிடுபவை தாங்கிக்குரியவை, தொடர்ந்து ஓடுபவை வீதிக்குரியவை. இதை ஒரு தாளில் குறித்து, மின்மீற்றர்ப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவிடலாம்.

வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் நிலைமை வேறு. மொட்டைமாடியில் ஒரே மாதிரியான தாங்கிகள் வரிசையாக நிற்கும்; இலக்கம் எழுதப்படாவிட்டால் நீங்கள் பூட்டுவது மேல்வீட்டு அன்ரியின் தண்ணீராகவும் இருக்கலாம். உங்கள் வீட்டுக்குரிய வால்வு மாடியிலா, படிக்கட்டோரக் குழாய்ப் பகுதியிலா, வீட்டுக்குள்ளேயா என்பதைப் பராமரிப்பாளரோடு நேரில் சென்று பார்த்து, பெயின்றால் இலக்கம் எழுதி வையுங்கள். மொட்டைமாடிக் கதவின் திறப்பு இரவு இரண்டு மணிக்கு யாரிடம் இருக்கும் என்பதையும் அப்போதே கேட்டு வைக்கவேண்டும்.

வால்வுகளில் பரவலானவை இரண்டு. வட்டச் சக்கரம் உள்ள கேற் வால்வை வலஞ்சுழியாகப் பல சுற்றுகள் திருப்பவேண்டும். கைபிடி உள்ள போல் வால்வுக்குக் கால் சுற்றே போதும். கைபிடி குழாயோடு ஒரே திசையில் இருந்தால் அது திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் பூட்டியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தொடாத கேற் வால்வு இறுகிவிடும். அதைக் குறட்டால் பலங்கொண்டு திருப்பினால் உள்ளிருக்கும் தண்டு முறிந்து, பூட்டவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் போய்விடும். கடற்கரைக்கு அண்மையில் உப்புக்காற்று சக்கரத்தையே தின்றுவிடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூட்டித் திறந்து பழக்கிவிடுவது இதற்குத் தீர்வு. என்னைக் கேட்டால், அடுத்த முறை பைப் பாஸ் (குழாய் வேலை செய்பவர்) வேறு வேலையாக வரும்போது, தாங்கிக்கு அடியிலுள்ள கேற் வால்வைக் கழற்றிவிட்டுப் போல் வால்வு போடச் சொல்லிவிடுவேன்.

கை கழுவும் தொட்டிக்கு அடியிலும் கொமட்டுக்குப் பக்கத்திலும் சிறிய அங்கிள் வால்வுகள் உண்டு. வளையும் கனெக்ஷன் குழாய் கிழிந்தாலோ கொமட் தொட்டி நிரம்பி வழிந்தாலோ அவற்றைப் பூட்டினாலே போதும்.

குழாய் உண்மையாகவே வெடித்துவிட்டால், தாங்கியின் வால்வை முதலில் பூட்டுங்கள். நிமிடத்துக்கு 15 லீற்றர் வெளியேறினாலும் 1000 லீற்றர்த் தாங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கொட்டும். மட்டம் குறையக் குறைய மிதவை வால்வு திறந்து வீதித் தண்ணீரையும் உள்ளே விடுவதால், பூட்டாதவரை அதற்கு முடிவே இல்லை. மோட்டரால் தண்ணீர் ஏற்றுபவர்கள் அதையும் நிறுத்தவேண்டும். பிறகு கீழ்த்தளக் குழாயொன்றைத் திறந்துவிட்டால் குழாய்களில் எஞ்சியிருப்பதும் வடிந்துவிடும். சுடுநீர் கீசரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் சூடேறினால் அதன் கம்பி எரிந்துவிடும். பிளக் பொயின்ற் வரை தண்ணீர் எட்டியிருந்தால், காய்ந்த இடத்தில் நின்று எட்ட முடிந்தால் மட்டும் ட்ரிப் சுவிட்சை இறக்குங்கள். ஈரத்தில் நின்றபடி எந்தச் சுவிட்சையும் தொடவேண்டாம்.

குழாய் வெடிக்காமலும் வீடு நனைவதுண்டு. நீர்வெட்டு நாளில் குழாயைத் திறந்து பார்த்து, தண்ணீர் இல்லையென்று அப்படியே விட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். மாலையில் தண்ணீர் திரும்பும்போது வீட்டில் எவரும் இருக்கமாட்டார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போகிறவர்களும், கனடாவில் இருந்துகொண்டு இங்கே வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களும், புறப்படும்போது கதவைப் போலவே இரு வால்வுகளையும் பூட்டிவிட வேண்டும்.

திருத்த வேலை முடிந்து மீண்டும் திறக்கும்போது, ஒரு குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வால்வை மெல்ல மெல்லத் திருப்புங்கள். முதலில் காற்றும் கலங்கலும் வரும். தண்ணீர் தெளிந்ததும் குழாயைப் பூட்டி, புதிய மூட்டைச் சுற்றிக் காய்ந்த ரிஷ்யூத் தாளொன்றை ஒற்றிப் பாருங்கள்; கண்ணுக்குத் தெரியாத கசிவு அதில் தெரிந்துவிடும்.