கிட் கார் வயரிங்கை மொடியூலுக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாகங்களை வாங்கி நாமே பூட்டுகிற கிட் கார் கட்டினாலும் சரி, பழைய ஜீப்பைக் கழற்றித் திரும்பப் பூட்டினாலும் சரி, வயரிங்குக்கு வந்ததும் பலர் களைத்துவிடுவார்கள். டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் அவ்வளவு வயர். அதைக் குறைக்கத்தான் மொடியூல்கள் என்கிற சின்ன எலக்ட்ரோனிக் பெட்டிகள்: முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, டாஷ்போர்ட்டுக்குள் ஒன்று. சுவிட்ச்சைத் தட்டினால் டாஷ்போர்ட் மொடியூல் செய்தி அனுப்பும், பின் மொடியூல் அதைக் கேட்டு லைட்டைப் போடும். இடையில் ஓடுவது பவர் வயர் ஒன்று, எர்த் ஒன்று, தகவல் வயர் இரண்டு. எல்லா மொடியூலும் அந்த இரண்டு தகவல் வயரையே பகிர்ந்து பேசுகிற இந்த முறைதான் பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் பஸ். இன்றைய கார்கள் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது.

வயர் குறைவது உண்மை. ஆனால் மிஞ்சுகிற ஒவ்வொரு வயரின் மேலும் பாரம் கூடும். முன்பு ஓர் எர்த் கழன்றால் ஒரு லைட் போகும். இப்போது பின் மொடியூலின் எர்த் கழன்றால் பின்பக்கம் முழுக்க இருட்டு.

அநேகமானோர் பிழை விடுவதும் எர்த்தில்தான். கிட் கார் பொடி பெரும்பாலும் பைபர், அதில் கரண்ட் ஓடாது. நம் கரையில் ஏற்றி வைத்திருக்கிற மீன்பிடிப் படகும் பைபர்தானே, அதில் லைட் போட்டவர் பொடியை எர்த்தாக நம்பமாட்டார். கார் என்றதும் கைப்பழக்கத்தில் பொடியிலேயே துளை போட்டு எர்த்தை முறுக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு மொடியூலிலிருந்தும் பவர் வயரின் அதே தடிப்பில் எர்த் வயர் பற்றரி வரைக்கும் போகவேண்டும். சேசிஸில் பூட்டுவதானால் பெயின்ற்றைச் சுரண்டி வெறும் இரும்பில் பூட்டுங்கள்.

தடிப்பையும் கண்மதிப்பில் எடுக்காதீர்கள். 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயருக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 0.0115 ஓம். 4 மீற்றரில் 10 அம்பியர் இழுத்தால் போகும் வழியில் அரை வோல்ட் அளவு, எர்த்தில் திரும்பி வரும் வழியில் இன்னொரு அரை வோல்ட் காணாமல் போகும். 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் அதில் கால்வாசிதான். "மொடியூலுக்குள்ளேயே பாதுகாப்பு இருக்கிறதே" என்று பிரதான பியூஸை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். மொடியூல் காப்பது தன்னிடமிருந்து வெளியே போகிற வயரை. பற்றரியிலிருந்து மொடியூல் வரை வருகிற வயர் எங்காவது உரசிச் சேசிஸில் பட்டால் அதைக் காக்கப் பற்றரிக்குப் பக்கத்தில் பியூஸ் வேண்டும்.

அப்புறம் அந்த இரண்டு தகவல் வயர்கள். இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, எஞ்சினின் ஸ்பார்க் பிளக் வயர்களிலிருந்து விலக்கி ஓட்டவேண்டும். பஸ்ஸின் இரு முனையிலும் ஒவ்வொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கவேண்டும், நடுவில் கூடாது. சில மொடியூல்களுக்குள் ரெசிஸ்டர் ஏற்கெனவே இருக்கும். அது தெரியாமல் மூன்றையும் பூட்டினால் செய்தி சில நேரம் போகும், சில நேரம் போகாது. இதைக் கண்டுபிடிக்க மல்டிமீற்றர் போதும். பற்றரியைக் கழற்றிவிட்டு இரு தகவல் வயருக்கும் இடையில் அளந்து பாருங்கள். 60 ஓம் காட்டினால் சரி. 120 என்றால் ஒரு முனையில் இல்லை, 40 என்றால் ஒன்று கூட இருக்கிறது.

எல்லாவற்றையும் மொடியூலுக்குள் தள்ளுவது அடுத்த ஆசை. என்னைக் கேட்டால் பிரேக் லைட்டை விட்டுவிடுங்கள். பெடல் சுவிட்ச்சிலிருந்து பியூஸ் வழியாக நேரே லைட்டுக்குப் போகட்டும், மொடியூல் வேண்டுமானால் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும். இக்னிஷனும் அப்படியே. ஸ்டார்ட்டருக்கு ரிலே வையுங்கள். ஹெட்லைட்டுக்கு, செய்தி நின்றுபோனால் தானாகவே லோ பீமைப் போடுகிற மொடியூலாகப் பார்த்து வாங்குங்கள். பொத்துவில் ரோட்டில் இரவில் இரண்டு லைட்டும் ஒன்றாக அணைந்தால் எவ்வளவு விளக்கம் இருந்தும் பயனில்லை.

சாவியைக் கழற்றிய பிறகும் மொடியூல் தூங்காமல் இருந்தால் பற்றரி இறங்கும். 50 மில்லி அம்பியர் சின்ன அளவாகத் தெரியும், ஆனால் நாளுக்கு 1.2 அம்பியர்-மணி (Ah). 45 அம்பியர்-மணி பற்றரி மூன்று கிழமைக்குள் பாதியாகிவிடும். ஓடாமல் கராஜில் நிற்கிற வண்டிக்கு இது பெரிய விஷயம்.

கல்முனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாக ஓடுகிற வண்டியில் உப்புக்காற்று வயர் முனையை நசுக்கிப் பூட்டிய இடம் (கிரிம்ப்) வழியாகப் புகுந்து, செம்பைப் பச்சை பிடிக்க வைக்கும். வெளியில் வயர் புதிதாகவே தெரியும். வெள்ளீயம் பூசிய வயரும், சூடாக்கினால் சுருங்கி இறுகுகிற, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயும் விலை கூடினாலும் வாங்கத்தான் வேண்டும். மொடியூலைச் சீற்றுக்கடியில் வைக்காதீர்கள். மார்கழி மழையில் ரோட்டில் நிற்கிற தண்ணீர் அதுவரைக்கும் ஏறிவிடும். கனெக்ரர் கீழ்நோக்கி இருக்கும்படி உயரத்தில் பூட்டுங்கள்.

வண்டி வழியில் நின்றால், பார்க்க வருகிறவர் பெரும்பாலும் டெஸ்ட் லாம்போடுதான் வருவார். பல்பு போட்ட அந்த லாம்பைத் தகவல் வயரில் குத்தினால் பஸ் குழம்பும், மொடியூலும் பழுதாகலாம். அதனால் வயரிங் படத்தைத் தமிழில் வரைந்து, அந்த இரண்டு வயரின் நிறத்தையும் எழுதி, "இதில் லாம்ப் குத்த வேண்டாம், மீற்றர் மட்டும்" என்று பெரிதாகக் குறித்து, லமினேற் செய்து பியூஸ் பெட்டி மூடிக்குள் ஒட்டிவிடுங்கள்.