தூக்க மருந்து கொடுக்கும் முன்னும் கொடுத்த பின்னும்: வார்டு நர்ஸ்களுக்கு

கேஸ் ஷீட்டில் "தேவைப்பட்டால் கொடுக்கவும்" என்று டாக்டர் எழுதிவிட்டுப் போயிருப்பார். தேவைப்படுகிறதா என்று ராத்திரி இரண்டு மணிக்கு முடிவு செய்வது நீங்கள்தான். அதனால் மாத்திரையை எடுப்பதற்கு முன்னால், நோயாளி ஏன் தூங்கவில்லை என்று பாருங்கள்: வலியா, சிறுநீர் முட்டுகிறதா, கதீட்டர் அடைத்திருக்கிறதா, தலைக்கு மேலே லைட் எரிகிறதா. மூச்சு வாங்குவதால் தவிக்கிறவரை வெறும் பதற்றம் என்று நினைத்து லோராசெபாம் என்ற தூக்க மருந்தைக் கொடுத்தால் தவிப்பு அடங்கும், கூடவே மூச்சும் அடங்கிவிடும்.

சரி, மருந்து தேவைதான் என்றால் மூச்சை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 12-க்குக் கீழே இருந்தாலோ, ஏற்கெனவே அரைத்தூக்கமாக இருந்தாலோ கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். மார்ஃபின், டிரமடால் மாதிரி வலி மருந்து எப்போது போனது, மது குடித்திருக்கிறாரா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் பிரச்சினை உண்டா என்பதையும் கேளுங்கள். பென்சோடயசெபைனும் (லோராசெபாம், டயசெபாம், மிடசோலாம் எல்லாம் இந்த வகைதான்) ஓபியாய்டும் (மார்ஃபின் மாதிரி வலி மருந்து) சேர்ந்தால் மூச்சு ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையாக இருந்தால் நோயாளி பாத்ரூம் போய்விட்டு வந்து படுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும், விடிய ஏழெட்டு மணி நேரமாவது பாக்கி இருக்க வேண்டும். பெண்களுக்கு மருந்து உடம்பிலிருந்து மெதுவாக வெளியேறுவதால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-லேயே அவர்களுக்கான ஆரம்ப டோஸை 10-லிருந்து 5 மி.கி. ஆகக் குறைத்துவிட்டது. வயதானவர்களுக்கும் 5 மி.கி.தான், அவர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு: தூங்குவதற்குப் பதிலாக அதிகமாகக் குழம்பி, கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார்கள். அப்போது இன்னொரு டோஸ் ஏற்றத் தோன்றும், ஏற்றாதீர்கள். கட்டிலை இறக்கி, காலிங் பெல்லைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊசியில் நிதானம் இன்னும் அதிகம் வேண்டும். மிடசோலாம் ஒரு மி.லி.க்கு 1 மி.கி., 5 மி.கி. என இரண்டு செறிவுகளிலும் வருகிறது, அதனால் "ஒரு மி.லி. போடு" என்ற வாய்ச்சொல்லுக்குப் போடவே கூடாது, மி.கி. கேட்டு, லேபிளைப் படித்து, இன்னொரு நர்ஸிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். டயசெபாம் ரத்தக் குழாயில் (ஐ.வி.) போகும்போது பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது, வேறு மருந்தோடு ஒரே சிரிஞ்சில் கலக்கவும் கூடாது. ஊசி போடும் முன்பே ஆக்சிஜன், சக்ஷன் (சளியை உறிஞ்சும் கருவி), ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) மூன்றும் பக்கத்தில் வேலை செய்யும் நிலையில் இருக்கட்டும்.

கொடுத்த பிறகு கவனிப்பதில்தான் அதிகம் தவறவிடுகிறோம். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருப்பவருக்கு மானிட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவு 98 என்று காட்டுவதை மட்டும் நம்பி உட்காராதீர்கள், மூச்சு குறைந்து கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருந்தாலும் அந்த எண் நல்லபடியாகவே நிற்கும். பெரும்பாலும் மூச்சு குறைவதற்கு முன்னால் விழிப்புதான் குறையும். கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, பேச்சின் நடுவிலேயே கண் சொருகுகிறதா, குறட்டை திடீரென்று கனமாகிறதா என்று பார்த்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். எழுப்ப முடியவில்லை என்றால் தாடையைத் தூக்கி மூச்சுப் பாதையைத் திறந்து, ஆக்சிஜன் கொடுத்து, உதவிக்குக் கூப்பிடுங்கள்.

பென்சோடயசெபைனின் மயக்கத்தை முறிக்கும் ஃப்ளூமசெனில் மருந்தை டாக்டர் சொன்னால் வழக்கமாக 0.2 மி.கி.யில் ஆரம்பிப்பார்கள். நோயாளி கண் விழித்ததும் நிம்மதியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள், அதன் வேலை ஒரு மணி நேரம் போலத்தான், டயசெபாமோ நாள்கணக்கில் உடம்பில் தங்கும், மறுபடி மயக்கத்துக்குப் போவார். பல மாதங்களாக பென்சோடயசெபைன் மாத்திரை சாப்பிட்டு வருகிறவருக்கு ஃப்ளூமசெனில் வலிப்பை வரவழைக்கலாம், அந்த விவரம் தெரிந்தால் மருந்து ஏறுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர் வார்டில் சேரும்போது வீட்டு மாத்திரை பட்டியலில் விட்டுப்போய்த் திடீரென்று நின்றுபோனாலும் வலிப்பு வரலாம், அதனால் சேர்க்கும்போதே "ராத்திரி தூங்க ஏதாவது போடுறீங்களா, எத்தனை நாளா?" என்று நோயாளியிடமும் கூட வந்தவரிடமும் கேட்டு எழுதிவிடுங்கள்.