‘தி செலக்ஷன்’ வரிசையைச் சோற்றிலிருந்து படிப்பது எப்படி

அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். போன மாதம் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவள், தையல் மிஷின் மேல் ‘தி செலக்ஷன்’ என்ற நீல அட்டை ஆங்கில நாவலை வைத்தாள். நான் பத்து வருஷத்துக்கு முன்னால் படித்த அதே புத்தகம். “சித்தி, நீ மேக்ஸன் கட்சியா, ஆஸ்பென் கட்சியா?” என்றாள். “முதல்ல யார் வீட்டுல எத்தனை வேளை அடுப்பு எரியுதுன்னு பாரு. கட்சி அப்புறம் பேசலாம்” என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கும், அவளைப் போல இனிமேல் தொடங்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

எழுதியவர் கீரா காஸ். 2012-இல் ‘தி செலக்ஷன்’, 2013-இல் ‘தி எலீட்’, 2014-இல் ‘தி ஒன்’. இந்த மூன்றும் அமெரிக்கா சிங்கர் என்ற பெண்ணின் கதை. ஊரில் அவளுக்கு ஆஸ்பென் என்று ஒரு காதலன். இளவரசன் மேக்ஸனுக்குப் பெண் தேர்ந்தெடுக்க அரண்மனைக்கு வரவழைக்கும் 35 பேரில் அவளும் ஒருத்தி. 2015-இல் வந்த ‘தி ஏர்’, 2016-இல் வந்த ‘தி கிரவுன்’ இரண்டும் அவள் மகள் ஈட்லினுடைய கதை. இந்த வரிசையிலேயே படியுங்கள். நடுவில் குட்டிக் கதைகளும் உண்டு, அவற்றை மூன்றாவது முடிந்த பிறகு தொட்டால் போதும். யாரைக் கட்டிக்கொண்டாள் என்பதை நாலாவதின் பின்னட்டையே போட்டு உடைத்துவிடும் என்பதால், அதை முதலில் கையில் எடுக்காதீர்கள்.

வாங்குவதற்கு சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளுக்குப் போகலாம். மூர் மார்க்கெட் சந்தை 1985-இல் எரிந்த பிறகு அங்கிருந்த கடைகளுக்குக் கிடைத்த இடம். ஆனால் பேரம் முடிக்கும் முன் பக்க எண்களை ஒருமுறை புரட்டிவிடுங்கள். நான் நடைபாதையில் வாங்கிய இரண்டாவது புத்தகத்தில் ஒரே 16 பக்கம் இரண்டு தடவை தைக்கப்பட்டிருந்தது. அடுத்த 16 பக்கம் காணோம். கொண்டாட்டத்தில் சிரித்துக்கொண்டிருந்த மார்லி என்ற தோழி, பக்கத்தைத் திருப்பினால் இல்லை. என்ன ஆச்சு இவளுக்கு என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவளும் அவள் விரும்பிய காவலனும் பிடிபட்டு, ஊரே பார்க்கப் பிரம்படி வாங்கிய இடம்தான் அந்தக் காணாமல் போன பக்கங்கள். வரிசை முழுக்கவே முக்கியமான இடமும் அதுதான். அதுவரைக்கும் அழகிப் போட்டி மாதிரி போகிற கதைக்கு அங்கேதான் ரத்தம் வருகிறது. வேறொருவரிடம் அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, ரவிக்கைக்கு ஊக்கு தைக்கிற நூலால் நானே உள்ளே தைத்தேன்.

படிக்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் பேர் இல்லேயா. (அக்கா மகள் ‘இல்லையா’ என்றே வாசிக்கிறாள், நான் திருத்தவில்லை.) அங்கே பிறக்கும்போதே ஒன்று முதல் எட்டு வரை ஓர் எண். ஒன்று அரச குடும்பம். ஐந்து கலைஞர்கள். ஆறு வேலைக்காரர், சமையல்காரர், டிரைவர், தையல்காரி. ஏழு கூலி வேலை. எட்டு, வீடு வாசல் இல்லாதவர்கள். பெண்ணுக்குக் கல்யாணமானால் புருஷனின் எண்தான் அவளுக்கும். இந்த ஒரு விதியை நோட்டில் பெரிதாக எழுதிவிடுங்கள். கதை பூராவும் இதில்தான் தொங்குகிறது. அமெரிக்கா ஐந்து, ஆஸ்பென் ஆறு. அவனைக் கட்டினால் அவள் ஒரு படி கீழே.

ஐந்து என்றதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. புளியந்தோப்பில் ஒரு பேண்டு செட்டில் டிரம்பெட் வாசித்தவர். ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் இரவுக்குக் கஞ்சிதான். அதனால், பணக்காரர் விருந்தில் பாடிவிட்டு வந்து வீட்டில் ரொட்டியை எண்ணிச் சாப்பிடும் அமெரிக்காவின் குடும்பம் எனக்கு அந்நியமாகவே படவில்லை.

இப்போது மரத்தின் மேல் கட்டிய குட்டி வீட்டுக் காட்சிக்கு வாருங்கள். தன் பங்கிலிருந்து ஒளித்து எடுத்துவந்த சாப்பாட்டை அவள் ஆஸ்பெனுக்குக் கொடுக்கிறாள். அவன் சாப்பிடுகிறான். அவள் பாட, அவன் ஒரு பென்னி காசு தருகிறான். அதை அவள் ஒரு ஜாடியில் சேர்க்கிறாள். பிறகு ஒரு நாள் தன் சம்பாத்தியத்தில் தடபுடலாகச் சமைத்து வருகிறாள். அவனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வருகிறது. நான் போட வேண்டிய சோற்றை நீ போடுகிறாயே என்று உறவையே முறித்துக்கொள்கிறான். முதல் தடவை ‘பாவம், தன்மானம்’ என்று நினைத்தேன். இப்போது, சாப்பிட்டுவிட்டுத்தானே கோபப்பட்டாய் என்று கேட்கத் தோன்றுகிறது.

மேக்ஸன் இளவரசன். 35 பெண்களில் ஒருத்தியைக் கட்டிக்கொள்ள வேண்டியவன். அவனிடம் அமெரிக்கா சாப்பாட்டுக்காகத்தான் இங்கே இருக்கிறேன் என்று நேராகச் சொல்லிவிடுகிறாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். பசி என்றால் என்னவென்று அவள் சொல்லித்தான் அவனுக்கே தெரிகிறது. பிறகு கீழ் எண்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கூடம் திறக்க ஏற்பாடு செய்கிறான். அக்கா மகள் “அட, அம்மா உணவகம்!” என்று சிரித்தாள். சிரிக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட 1920-இலேயே மாநகராட்சியில் வழி செய்த பிட்டி தியாகராயரின் பேரில்தான் பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரி நிற்கிறது. பசியைப் பற்றி நம் பக்கத்துக்கு ஓர் இளவரசன் வந்து சொல்ல வேண்டியதில்லை. நல்ல பையன்தான் மேக்ஸன், ஆனால் பாதிப் புத்தகம் அவனுக்குப் பாடம் எடுப்பதிலேயே போய்விடுகிறது.

கவுன் வருணனை வரும் பக்கங்களை எல்லோரும் தாண்டச் சொல்வார்கள். தாண்டாதீர்கள். ஆன், மேரி, லூசி என்று அமெரிக்காவுக்கு மூன்று பணிப்பெண்கள். அந்தக் கவுன்களைத் தைப்பவர்கள் அவர்கள்தான். ஒரு லைனிங் ரவிக்கைக்கு வெட்டு, ஓவர்லாக், ஹெம்மிங், ஊக்கு என்று எனக்கு முக்கால் நாள் ஓடிவிடும். கழுத்து சரியாக உட்காரவில்லை என்றால் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். இவர்கள் தரை தொடும் கவுனை அடுத்தடுத்துத் தைத்துக் குவிக்கிறார்கள். எப்போது தூங்கினார்கள் என்று ஆசிரியர் கேட்கவே இல்லை. அந்தப் பக்கங்களைக் கவுனைப் போட்டவளாகப் படிக்காமல் தைத்தவளாகப் படித்துப் பாருங்கள், வேறு கதை கிடைக்கும்.

ஆங்கிலம் ரொம்பக் கஷ்டமில்லை. துணிகளின் பேர் தெரியவில்லை என்றால் பக்கத்துத் தெருத் தையல்காரியைக் கேளுங்கள், அகராதியை விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவதின் கடைசி ரொம்ப அவசரம். இத்தனை பக்கம் இழுத்துவிட்டு அத்தனை சாவையும் சில பக்கத்தில் அடைத்துவிட்டார். கலகக்காரர்கள் வடக்கு, தெற்கு என்று இரண்டு கூட்டம் வருகிறார்கள், ஆனால் அவர்கள் அன்றாடம் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் நாலாவதைத் தவறவிடாதீர்கள். ஈட்லின் அகம்பாவம் பிடித்தவள், பாதிப் பேர் அவளைத் திட்டியே மூடிவைத்துவிடுவார்கள். எனக்கு அவளைவிட அவள் நாடுதான் முக்கியம். சட்டத்தில் எண்களை ஒழித்தாகிவிட்டது, ஆனாலும் ஜனங்கள் பழைய எண்ணைக் கேட்டுத்தான் வேலை கொடுக்கிறார்கள். பிளஸ் டூ முடித்து ஓர் ஏற்றுமதி கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். விண்ணப்பத்தில் வியாசர்பாடி, சென்னை 39 என்று இருந்ததைப் பார்த்த அந்த ஆள் பேனாவை மூடி வைத்தான். “அங்கேர்ந்து டெய்லி வந்துடுவியாம்மா?” என்று மட்டும் கேட்டான். பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரம். கடைசிப் புத்தகமான ‘தி கிரவுன்’ படித்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி.

நேற்று அக்கா மகள் ரவிக்கையை வாங்க வந்தாள். நோட்டும் கொண்டுவந்திருந்தாள். தாத்தா 5 என்று எழுதியிருந்தாள். நான் தையல், அவள் சித்தப்பா ஆட்டோ, அதனால் இரண்டு பேருக்கும் 6. தன் பேரை எழுதி, எதிரே இடம் விட்டிருந்தாள்.