கல்லாவில் உட்காரும் முன்

நாகர்கோவில் பக்கம் கம்பி, சிமெண்ட் கடை வைத்து 24 வருடம் ஆகிறது. கடவுளுக்கும் செல்வத்துக்கும் சேர்த்து ஊழியம் செய்ய முடியாது என்று ஞாயிறு பூசையில் வாசிக்கக் கேட்கும்போது மனம் உருகத்தான் செய்யும். திங்கள் காலை ஒரு கொத்தனார் கடை வாசலில் பைக்கை நிறுத்தியதும் அந்த உருக்கம் எங்கே போகிறதென்று தெரியாது. விசுவாசத்துக்கு முதலிடம் கொடுக்க ஆசை மட்டும் போதாது, கொஞ்சம் ஏற்பாடும் வேண்டும். எனக்குக் கைகொடுத்ததை எழுதுகிறேன். உங்கள் தொழில் வேறு என்றால் கம்பி இருக்கும் இடத்தில் உங்கள் சரக்கை வைத்துப் படியுங்கள்.

முதலில், எதைச் செய்யமாட்டீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். சோதனை வந்து நிற்கும்போது யோசிக்க ஆரம்பித்தால் தோற்றுவிடுவோம். அந்த நேரத்தில் கடன் வட்டியும் பிள்ளையின் ஃபீஸும் நமக்குப் பதிலாக யோசிக்கும். தவக்காலம் தொடங்கும் ஒரு விபூதிப் புதன் இரவு நானும் என் மனைவியும் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதினோம். எடை போடாமல் கம்பி விற்பதில்லை. பில் இல்லாமல் சரக்கு வெளியே போவதில்லை. யாருக்கும் கமிஷன் இல்லை. "நேர்மையாக இருப்பேன்" என்று பொதுவாக எழுதாதீர்கள், அது எதையும் தடுக்காது. உங்கள் கை எங்கே வழுக்குமோ அந்த இடத்தின் பெயரை எழுதுங்கள். வீட்டில் உள்ளவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். வருமானம் குறையும் மாதத்தை அவரும் சேர்ந்துதான் தாங்க வேண்டும்.

அப்புறம், மறுக்கும் வார்த்தையைப் பழகிக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலில் கமிஷன் இப்படித்தான் வரும்: கொத்தனார் வீடு கட்டுபவரை அழைத்து வருவார். கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏற்றிப் போட்டு, அதைக் கொத்தனாருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். காசு போடுபவருக்கு எதுவும் தெரியாது. முன்பெல்லாம் "இப்போ கஷ்டம் அண்ணே, பார்ப்போம்" என்று மழுப்புவேன். அது பேரத்தில்தான் போய் முடியும். இப்போது சொல்வது இவ்வளவுதான்: "அண்ணே, கமிஷன் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. எல்லாருக்கும் ஒரே விலைதான். டீ குடித்துவிட்டுப் போங்கள்." பிரசங்கம் வேண்டாம். அவரும் பிழைப்புக்காகத்தான் கேட்கிறார். அவரை இளக்காரமாகப் பார்த்துவிட்டால் கமிஷனை மறுத்தும் பிரயோஜனம் இல்லை.

வியாபாரம் குறையும். எனக்குக் குறைந்தது. வழக்கமாகச் சரக்கு எடுத்த இரண்டு காண்ட்ராக்டர்கள் போனார்கள், இன்றுவரை திரும்பவில்லை. உண்மையாக இரு, கடவுள் இரண்டு மடங்காகத் தருவார் என்று சிலர் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த இரண்டு மடங்குக்காக உண்மையாக இருந்தால், அப்போதும் பணம்தானே முதலிடத்தில் இருக்கிறது?

இதற்கு நான் தூரத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. மாடுகள் செத்து மனம் நொந்திருந்த அவருக்கு டச்சுத் தளபதி டிலனாய், எல்லாம் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். யோபுவுக்காவது இழந்தது இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. தேவசகாயத்துக்குப் பதவி போனது, 1749-ல் சிறை வந்தது, எருமை மேல் உட்காரவைத்து ஊர் ஊராக அலைக்கழித்தார்கள், 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் புனிதர் பட்டம் வந்தபோது அவர் செத்து 270 வருடம் ஆகியிருந்தது. கடை படுத்துக்கிடக்கும் மாதங்களில் நான் காற்றாடிமலைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். உங்கள் ஊர்ப் பக்கமும் அப்படி ஓர் இடம் இருக்கும். கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடை மூடிப் பணம் எண்ணும்போதே ஆன்ம சோதனையையும் முடித்துவிடுங்கள். எந்த ரூபாய் எப்படி வந்தது என்பதை வாங்கியவரிடம் முகம் பார்த்துச் சொல்ல முடியாதோ, அதைத் தனியாக எடுத்து வையுங்கள். ஏழைகளுக்கான பங்கை மாத லாபம் தெரிந்த அன்றே முதலில் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே எடுத்ததை என்ன செய்வது? இதில்தான் நான் அதிகம் கஷ்டப்பட்டேன். 12 மில்லிமீட்டர் கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் சுமார் 10.66 கிலோ இருக்க வேண்டும். 2011-ல் எனக்கு வந்த ஒரு லோடு எடை குறைவு. கையில் தூக்கியதுமே தெரிந்தது. அப்போது கடையில் பெரிய தராசு கிடையாது, எண்ணிக்கொடுத்து அட்டவணை எடைக்குக் காசு வாங்குவோம். லோன் போட்டு வீடு கட்டிய ஒருவருக்கு அதில் 60 கம்பி கொடுத்தேன். ஒன்றுக்கு முக்கால் கிலோ குறைவு, ஆக 45 கிலோ. கிலோ 48 ரூபாய். 2,160 ரூபாய்.

பல வருடம் கழித்துச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "இந்தப் பணத்தைக் கோவில் உண்டியலில் போட்டுவிடவா சாமி?" என்று கேட்டேன். "யாருடைய பணமோ அவரிடம் கொடு. ஆளே கிடைக்காவிட்டால் ஏழைகளுக்குக் கொடு" என்றார். பைபிளில் வரும் வரி வசூல்காரர் சக்கேயுவும் நாலு மடங்கு தருவதாகச் சொன்னது ஏமாற்றப்பட்டவர்களுக்குத்தான், கோவிலுக்கு இல்லை.

போனேன். "என்ன அண்ணாச்சி, பாக்கி ஒன்றும் இல்லையே" என்றார் அந்த வீட்டு அம்மா. விஷயத்தைச் சொல்லிக் கவரை நீட்டினேன். அவர் கணவர் பணத்தை எண்ணிப் பார்க்கவில்லை. திரும்பி வராந்தா தூணைப் பார்த்தார். "இது தாங்குமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு 2,160 ரூபாயில் பதில் இல்லை. மறுநாள் என் செலவில் ஓர் இன்ஜினியரைக் கூட்டிப்போனேன். இப்போதைக்குப் பயமில்லை, மாடி எடுப்பதாக இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். அதை எழுதி வாங்கி அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீங்களும் ஒரு பட்டியல் போடுங்கள்: பெயர், தொகை, வருடம். சின்னத் தொகையில் தொடங்குங்கள். திருப்பிக் கொடுத்ததை அன்பியக் கூட்டத்தில், அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டத்தில், சாட்சியாகச் சொல்லாதீர்கள். மன்னிப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், சிலர் கதவைச் சாத்துவார்கள். அது அவர்கள் உரிமை. என் பட்டியலில் இன்னும் இரண்டு பெயர் பாக்கி. ஒருவர் வீட்டை விற்றுவிட்டுத் திருவனந்தபுரம் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.