ஆன்லைனில் புதுக் கார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனத்தின் இணையதளத்தில் நிறத்தைத் தேர்ந்தெடுத்து டோக்கன் தொகை கட்டியதுமே, டீலர் இல்லாமல் கார் வாங்கிவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். முதல் தவறே அதுதான். இந்தியாவில் பெரும்பாலான தளங்களில் நடப்பது புக்கிங் மட்டுமே. அது டீலரிடம் போய்ச் சேரும். பில் போட்டு வண்டியை ஒப்படைப்பவர் அவர். மெர்சிடிஸ்-பென்ஸ் 2021-ல் கொண்டுவந்த முறை வேறு. அங்கே நிறுவனமே பில் போடுகிறது, நாடு முழுக்க ஒரே விலை. 2025-ல் மும்பையில் கடை திறந்த டெஸ்லாவும் நேரடியாகத்தான் விற்கிறது. ஆகவே பணம் கட்டும் முன், இன்வாய்ஸ் போடுவது யார் என்று கேளுங்கள். பின்னால் தகராறு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பாக்கிப் பணமும் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். விற்பனைப் பிரதிநிதியின் சொந்த எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

அடுத்தது விலை. தளத்தில் பெரிய எழுத்தில் இருப்பது எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்ஷூரன்ஸும் சேராத விலை. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 2023 நவம்பரில் சாலை வரி 18 சதவீதமாக உயர்ந்தது. அந்தக் கணக்கில், 12 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டுமே இரண்டு லட்சத்தைத் தாண்டும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பலர் மறந்தே போகிறார்கள். புக்கிங் அன்றைய விலையே நிலைக்கும் என்றும் நம்ப வேண்டாம். பொதுவாக டெலிவரி நாளின் விலைதான் செல்லும். விதிமுறைகளில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இன்ஷூரன்ஸ் பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டிருப்பார்கள். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்குக் கட்டாயம். ஆனால் அதை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியில் இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சரி, இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. வண்டியை நேரில் பார்க்காமலே ஆர்.டி.ஓ. பதிவுக்குச் சம்மதம் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் பெயரில் பதிவாகிவிட்டால், குறை இருந்தாலும் வண்டியை மாற்றித் தரச் சொல்வது மிகக் கடினம். அதுவரைதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. என் மைத்துனர் மாலை மங்கிய பிறகு, விளக்கு வெளிச்சத்தில் டெலிவரி எடுத்தார். பின்பக்க பம்பரில் மறுபடி பெயின்ட் அடித்திருந்தது மறுநாள் வெயிலில்தான் தெரிந்தது. அப்புறம் ஒரு வழியும் இல்லை.

அதனால் உங்களுக்கான வண்டியின் சேசிஸ் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) ஒதுக்கியதும், பதிவுக்கு முன்பே, வண்டி நிற்கும் யார்டுக்குப் பகலில் போங்கள். பார்க்க விடமாட்டோம் என்றால் விடாமல் கேளுங்கள். வண்டியில் பொறித்த சேசிஸ் எண்ணைத் தாளில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம் செய்த டயர். நான்கும் ஏறக்குறைய ஒரே காலத்தவையா என்று பாருங்கள். ஓடிய கிலோமீட்டரைப் படம் எடுங்கள். கதவுக்குக் கதவு நிறம் மாறுகிறதா என்று சாய்ந்து பாருங்கள். ஏதாவது குறை தென்பட்டால் அங்கேயே நின்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, எழுத்தில் பதில் வரும்வரை பதிவுக்குச் சம்மதிக்காதீர்கள்.