ஸாப்பா ரசிகர்களின் அரட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க இசைக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவுக்கு வானொலியில் பெரிய வெற்றி என்று சொல்ல அதிகம் கிடையாது. அமெரிக்காவின் முதல் 40 பாடல்களுக்குள் அவர் நுழைந்தது ஒரே ஒரு முறைதான், 1982-இல், மகள் மூனுடன் செய்த ‘வேலி கேர்ள்’ பாட்டோடு. ஆனால் 1993 டிசம்பர் 4 அன்று, 52 வயதில், புரோஸ்டேட் புற்றுநோயால் இறக்கும்போது அறுபதுக்கும் மேற்பட்ட ஆல்பங்களை விட்டுச் சென்றார். ராக், டூ-வாப், ஜாஸ், முழு ஆர்கெஸ்ட்ராவுக்கான இசை, கணினியில் கோத்த இசை, ஆபாச நகைச்சுவை, அரசியல் கிண்டல் எல்லாம் அதில் இருக்கிறது. கிதாருக்காக வந்தவரும் ஆர்கெஸ்ட்ராவுக்காக வந்தவரும் கிண்டலுக்காக வந்தவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். மூவர் மனதிலும் இருப்பது வேறு வேறு ஸாப்பா. அங்கே நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை என்பது என் எண்ணம். எந்தப் பதிவைக் கேட்டோம் என்று சொல்லாமல் கருத்து சொல்வதுதான் அவற்றுக்கு முதல் காரணம்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஸாப்பா தன் பழைய ஆல்பங்களைச் சும்மா விட்டுவைத்தவர் இல்லை. 1968-இல் வந்த ‘வீ ஆர் ஒன்லி இன் இட் ஃபார் த மணி’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிப்பிகளையும் அவர்களைப் பயந்து பார்த்த பெற்றோரையும் ஒரே வீச்சில் கிண்டல் செய்த அந்த ஆல்பத்தை 1980-களில் சிடியாகக் கொண்டுவரும்போது, பழைய பேஸையும் டிரம்ஸையும் நீக்கிவிட்டு, ஆர்தர் பாரோவையும் சாட் வாக்கர்மனையும் வைத்துப் புதிதாக வாசிக்கச் செய்து சேர்த்தார். மூல நாடா கெட்டுப்போய்விட்டது என்பது அவர் சொன்ன காரணம். பல ரசிகர்கள் இன்றுவரை அதை ஏற்கவில்லை. 1968-இன் குரல்களுக்கு அடியில் 1980-களின் டிரம்ஸ் ஒலிக்கும் அந்தச் சிடி சில வருடங்கள் கடைகளில் இருந்தது. 1995 மறுவெளியீட்டில்தான் பழைய மிக்ஸ் சிடியில் திரும்பி வந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் சிடி வாங்கிய ஒருவர் “இந்த ஆல்பத்தில் தாளம் ஏதோ பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது” என்று எழுதினால், அவர் சொல்வது சரிதான். பழைய இசைத்தட்டைக் கேட்டவர் கோபப்படுவதும் சரிதான். இருவரும் கேட்டது ஒரே ஆல்பத்தை இல்லை, அவ்வளவுதான்.

‘குரூஸிங் வித் ரூபன் அண்ட் த ஜெட்ஸ்’ ஆல்பத்துக்கும் இதே கதி நேர்ந்தது. அதன் பழைய மிக்ஸை சிடியில் கேட்க ரசிகர்கள் 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘ஸ்லீப் டர்ட்’ இன்னும் விசித்திரம். 1979 இசைத்தட்டில் வெறும் வாத்திய இசையாக இருந்த சில பாடல்கள் 1991 சிடியில் பெண் குரலோடும் புதிய டிரம்ஸோடும் வந்தன. 2012 வெளியீட்டில் மறுபடி வாத்திய இசை. ‘ஹாட் ராட்ஸ்’ கூட 1987 சிடிக்காக மறுமிக்ஸ் செய்யப்பட்டது.

அதனால் ஒரு ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது இசைத்தட்டா, எந்தக் காலத்துச் சிடியா, செயலியில் கேட்டதா என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். செயலியில் தெரியும் ஆண்டு மறுவெளியீட்டின் ஆண்டாக இருக்கலாம், அதை நம்பிக் காலவரிசை போடாதீர்கள்.

பதிவு விஷயத்திலேயே இன்னொரு தவறு, கேட்பதை அப்படியே ஒரே அறையில் நடந்ததாக நினைத்துக்கொள்வது. ஸாப்பாவுக்கு ஒரு வித்தை உண்டு, அதற்கு ‘ஸெனோக்ரனி’ என்று அவரே பெயர் வைத்தார். ஒரு கச்சேரியில் வாசித்த கிதார் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, வேறு வேகம், வேறு தாளம் கொண்ட ஸ்டுடியோ பதிவின் மேல் வைத்துவிடுவார். 1979-இல் வந்த ‘ஜோஸ் கராஜ்’ ஆல்பத்தின் கிதார் தனிவாசிப்புகள் ஏறக்குறைய எல்லாமே இப்படி, அதே வருடச் சுற்றுப்பயணத்தில் பதிவானவை. “கிதார் இங்கே திரும்பும்போது வின்னி கொலாயுட்டாவின் டிரம்ஸ் எப்படிப் பதில் சொல்கிறது பாருங்கள்” என்று ஒருவர் உருகி எழுதுவார். அந்தப் பதில் நடக்கவே இல்லை. ‘ரப்பர் ஷர்ட்’ துண்டில் பேஸும் டிரம்ஸும் ஒன்றையொன்று உன்னிப்பாகக் கவனித்து வாசிப்பது போலத் தோன்றும். இரண்டும் வெவ்வேறு சமயத்தில், வெவ்வேறு பாட்டுக்காக வாசித்தவை. தெரியாமல் உருகியவரை யாரும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. அப்படித் தோன்ற வேண்டும் என்பதற்காகத்தானே அவர் அதைச் செய்தார்? விவரத்தைச் சொல்லிவிட்டு, ‘ஜோஸ் கராஜ்’ ஆல்பத்தின் ‘வாட்டர்மெலன் இன் ஈஸ்டர் ஹே’யை மறுபடி கேட்கச் சொல்லுங்கள். அந்தத் தனிவாசிப்பு ஸ்டுடியோவில் குழுவோடு சேர்ந்தே வாசித்தது. வித்தியாசம் காதில் விழும்.

சரி, அடுத்தது கட்டுக்கதைகள். முடியையும் மீசையையும் பார்த்துவிட்டு அவரைப் போதைப்பொருள் ராஜாவாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இளமையில் சில முறை கஞ்சா புகைத்துப் பார்த்ததை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், அதற்கு மேல் அவருக்கு அதில் ஆர்வம் இல்லை. சுற்றுப்பயணத்தில் தன் குழுவினரும் போதைப்பொருள் பக்கம் போகக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். அவருடைய பழக்கம் சிகரெட்டும் காபியும்தான். மேடையில் மலம் தின்றார் என்ற கதை இதைவிடப் பழையது. 1989-இல் வந்த தன்வரலாற்றின் தொடக்கத்திலேயே அதை மறுத்துவிட்டார். முப்பது வருடங்களுக்கு மேலாகியும் யாராவது ஒருவர் அதைப் புதுச் செய்தி போலக் கொண்டுவருகிறார்.

மேற்கோள்களும் அப்படித்தான். இசையைப் பற்றி எழுதுவது கட்டடக்கலையைப் பற்றி நடனமாடுவது போல என்ற வரியை ஸாப்பா படத்தோடு அடிக்கடி பகிர்கிறார்கள். அது நகைச்சுவைக் கலைஞர் மார்ட்டின் மல் சொன்னதாக 1979-இலேயே அச்சில் வந்திருக்கிறது. ஸாப்பா பேட்டிகளில் எக்கச்சக்கமாகப் பேசியவர். 1985 செப்டம்பரில், பாடல் வரிகளுக்கு எச்சரிக்கை முத்திரை குத்தலாமா என்ற விசாரணையில் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். அது முழுசாகக் கிடைக்கிறது. இரவல் வரி அவருக்குத் தேவையே இல்லை.

தமிழ் ரசிகர்கள் செய்யும் ஒரு தவறை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தில் செய்வது அது. ஸாப்பாவோடு மேடையேறிய வயலின் கலைஞர் எல். ஷங்கர் நம் ஊர்க்காரர். சென்னையில் பிறந்து, இலங்கையில் வளர்ந்தவர். வி. லக்ஷ்மிநாராயணாவின் மகன், எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம் ஆகியோரின் தம்பி. ஜான் மெக்லாக்லின், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவில் வாசித்த பிறகு, 1978-இல் ஸாப்பாவின் கச்சேரிகளில் சேர்ந்துகொண்டார். அவருடைய ‘டச் மீ தேர்’ ஆல்பத்தை 1979-இல் தயாரித்தது ஸாப்பாதான்.

இதைக் கேட்டதும் முதலில் நடப்பது பெயர்க் குழப்பம். ஒருவர் ரவிசங்கர் என்பார், இன்னொருவர் எல். சுப்ரமணியம் என்பார். அதைத் திருத்துவது எளிது. இரண்டாவது கொஞ்சம் பெரியது. “ஸாப்பாவின் சிக்கலான தாளமெல்லாம் நம் கர்நாடக இசையிலிருந்து எடுத்தது” என்று ஒருவர் பெருமையோடு எழுதுவார், கீழே நூறு பேர் கைதட்டுவார்கள். ஷங்கர் வந்தது 1978-இல். ஸாப்பாவின் முதல் ஆல்பம் வந்தது 1966-இல். அந்த ஆரம்பகால ஆல்பங்களிலேயே தாளம் நினைத்த இடத்தில் உடைந்து திரும்பும். அவர் பதின்வயதில் விழுந்து விழுந்து கேட்டது எட்கார் வரீஸ், ஸ்ட்ராவின்ஸ்கி என்ற மேற்கத்திய இசையமைப்பாளர்களையும், கூடவே கறுப்பினக் கலைஞர்களின் ரிதம் அண்ட் புளூஸையும். பதினைந்தாவது பிறந்தநாளுக்கு அம்மாவிடம் அவர் கேட்ட பரிசு, நியூயார்க்கில் இருந்த வரீஸுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அழைத்தபோது வரீஸ் ஊரில் இல்லை, அவர் மனைவியிடம்தான் பேச முடிந்தது. இந்தக் கதையை விட்டுவிட்டு நம் பெருமையை நுழைத்தால் ஸாப்பாவுக்கும் நியாயமில்லை, ஷங்கருக்கும் நியாயமில்லை.

உண்மையில் நடந்ததே போதுமான அளவு பெரிசு. 1978 அக்டோபர் 31, நியூயார்க் பலேடியம் அரங்கில் ஹாலோவீன் கச்சேரி. அதில் ‘தர்ட்டீன்’ என்ற உருப்படிக்கு முன், பதின்மூன்று எண்ணிக்கை கொண்ட தாளத்தை எப்படி எண்ணுவது என்று ஸாப்பா கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பிறகு ஷங்கரின் வயலின் வருகிறது. பதின்மூன்று அவருக்கு ஒரு தடையாகவே தெரியவில்லை. கூட்டம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது அவருடைய வயலின் அதன் மேல் பாடுகிறது. ‘யூ காண்ட் டூ தட் ஆன் ஸ்டேஜ் எனிமோர்’ வரிசையின் ஆறாவது தொகுப்பில் இது இருக்கிறது. பெருமைப்பட வேண்டும் என்றால் இதைப் பகிருங்கள். ஒரு கலைஞன் தன் பயிற்சியோடு இன்னொருவரின் வீட்டுக்குள் போய் இயல்பாக உட்கார்ந்த பதிவு இது. யார் யாரிடமிருந்து எடுத்தார் என்ற வழக்கை விட இது கேட்க இனிமையானது.

இப்போது சங்கடமான விஷயம். ஸாப்பாவின் பல பாடல்களில் பெண்களைப் பற்றியும், ஓரினச் சேர்க்கையாளர்கள் பற்றியும், சில சமூகங்களைப் பற்றியும் வரும் வரிகள் இன்று கேட்கும்போது முகம் சுளிக்க வைக்கும். அன்றும் சுளிக்க வைத்தவைதான். 1979-இல் யூத இளம்பெண்களைக் கேலி செய்த ஒரு பாட்டுக்கு அமெரிக்க யூத அமைப்பு ஒன்று வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தது. ஒருவர், அதிலும் ஒரு பெண் ரசிகை, “இந்தப் பாட்டை என்னால் கேட்க முடியவில்லை” என்று சொன்னால், பத்துப் பேர் வந்து “இது அங்கதம், உங்களுக்குப் புரியவில்லை” என்று பாடம் எடுக்கிறார்கள். இது பெரிய தவறு. அவருக்குப் புரிந்திருக்கிறது, பிடிக்கவில்லை. அங்கதம் என்றால் யாரைக் குத்துகிறது என்று கேட்கும் உரிமை கேட்பவருக்கு உண்டு. சபைக்கு முன்னால் போய்ப் பேச்சுரிமைக்காக வாதாடிய ஒருவரின் ரசிகர்கள், எதிர்க்கருத்து வந்ததும் கதவைச் சாத்துவது அவருக்கே அவமரியாதை. என்னைக் கேட்டால், சில பாடல்கள் வெறும் சோம்பேறித்தனமான கேலி. அதே ஆல்பத்தின் அடுத்த உருப்படி மூச்சை நிறுத்தும். இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தார்.

எல்லாப் புகழையும் ஒருவருக்கே கொடுப்பதையும் தவிர்க்கலாம். மரிம்பாவில் ரூத் அண்டர்வுட், கீபோர்டில் ஜார்ஜ் டியூக், டிரம்ஸில் டெரி போஸியோ போன்றவர்கள் இல்லாமல் 1970-களின் ஸாப்பா இசையை யோசிக்கவே முடியாது. கிதார் கலைஞர் ஸ்டீவ் வை அவருக்கு முதலில் செய்த வேலை, தனிவாசிப்புகளைக் கேட்டுக் கேட்டு இசைக்குறிப்பாக எழுதித் தருவது. ஸாப்பாவின் ஆரம்பகாலக் குழுவான ‘மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்’-இன் பழைய உறுப்பினர்கள் சிலர் ராயல்டி தொடர்பாக 1980-களில் அவர் மேலேயே வழக்குப் போட்டார்கள். ரசிகராக இருப்பவர் இதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

குடும்பச் சண்டையில் நீதிபதியாவது வேண்டாம். 2015-இல் மனைவி கெயில் இறந்த பிறகு ஸாப்பா குடும்ப அறக்கட்டளையின் நிர்வாகம் இளைய பிள்ளைகள் அஹ்மெட், டீவா இருவரிடம் போனது. அப்பாவின் பாடல்களை வருடக்கணக்கில் மேடையில் வாசித்து வந்த மூத்த மகன் ட்வீஸிலுக்கும் அவர்களுக்கும் பெயரைப் பயன்படுத்துவது பற்றித் தகராறு வெடித்தது. தெரிந்தது அவ்வளவு போதும். யார் நல்ல பிள்ளை என்று நாம் தீர்ப்பெழுதினால் அங்கே எதுவும் மாறப்போவதில்லை.

அப்புறம், புதிதாக வருபவர்கள். “எங்கே தொடங்குவது?” என்று ஒருவர் கேட்டால், உடனே ஆளாளுக்கு ஐம்பது ஆல்பங்களைக் கொட்டுவார்கள். இன்னும் மோசம், “ஸாப்பா எல்லோருக்கும் ஆனவர் இல்லை” என்ற பதில். அதைச் சொன்னவரும் ஒரு நாள் முதல் முறையாகக் கேட்டவர்தான். கேட்டவர் இதுவரை எதை ரசித்திருக்கிறார் என்று திருப்பிக் கேளுங்கள். ஜாஸ் கேட்பவர் என்றால் 1969-இன் ‘ஹாட் ராட்ஸ்’, அதிலும் முதல் உருப்படியான ‘பீச்சஸ் என் ரெகாலியா’. நான்கு நிமிடம் கூட இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. ராக் பாட்டு வேண்டும் என்றால் 1974-இன் ‘அப்பாஸ்ட்ரஃபி’, அமெரிக்கப் பட்டியலில் பத்தாம் இடம் வரை போன ஆல்பம். இறுக்கமான குழு வாசிப்பு வேண்டும் என்றால் 1975-இன் ‘ஒன் சைஸ் ஃபிட்ஸ் ஆல்’. மேற்கத்தியச் செவ்வியல் இசை கேட்பவர் என்றால் ஜெர்மனியின் ‘ஆன்சாம்பிள் மொடர்ன்’ குழு 1992-இல் மேடையில் வாசித்த ‘த யெல்லோ ஷார்க்’. ஸாப்பா சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் அது ஆல்பமாக வந்தது. கர்நாடக இசைக் காது உள்ளவர் என்றால் மேலே சொன்ன ‘தர்ட்டீன்’. ஒன்றை மட்டும் சொல்லுங்கள். கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று வந்தால், எந்த இடத்தில் நிறுத்தினார் என்று விசாரித்து, அடுத்ததைச் சொல்லுங்கள்.