எம்ஓடி இருக்கிறது, கிளட்ச் இருக்கிறதா?

இங்கிலாந்துக்கு வந்த ஆறாவது மாதம் முதல் கார் வாங்கினேன். 1,600 பவுண்ட், ஒரு பழைய சின்ன ஹாட்ச்பேக். விற்றவர் "எம்ஓடி இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது" என்று மூன்று தடவை சொன்னார். எம்ஓடி என்பது இங்கே வருடாவருடம் எடுக்கும் வாகனத் தகுதிச் சோதனை. ஊரில் எஃப்சி (தகுதிச் சான்று) முடித்து வந்த வண்டி என்றால் ஒரு தெம்பு வரும் இல்லையா, அந்தத் தெம்பில் பணத்தைக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது வாரம் லண்டன் நார்த் சர்க்குலர் சாலையில் ஒரு ஏற்றம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. பின்னால் ஒரு லாரி. உள்ளே பிரேக் கருகினாற்போல ஒரு நாற்றம்.

அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்: எம்ஓடி சோதனையில், இன்ஜின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் கிடையாது. பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங், புகை எல்லாம் பார்ப்பார்கள். இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் எந்த நிலையில் இருக்கின்றன என்பது அந்தச் சோதனையின் எல்லைக்கு வெளியே. முந்தைய நாள் எம்ஓடி பாஸான கார், மறுநாள் கிளட்ச் போய் நடுரோட்டில் நிற்கலாம். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

நம்மில் பலருக்கு இது உதைக்கும் இடம். இந்திய, இலங்கை லைசென்ஸ் வைத்து இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதற்குள் இங்குள்ள தேர்வை எழுதிப் பாஸாக வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு கொடுத்தால் மேனுவல் ஓட்ட முடியாது, அதனால் பெரும்பாலோர் மேனுவலில்தான் பழகுகிறார்கள். கையில் இருக்கும் காசுக்குக் கிடைப்பதும் பழைய மேனுவல் கார்தான். அந்த விலைக்கு வரும் கார்கள் பலவும் எழுபதாயிரம், எண்பதாயிரம் மைலைத் தாண்டியவை. கிளட்ச் சாதாரணமாக அறுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் மைல் வரை தாங்கும். கணக்கு உங்களுக்கே புரியும்: முதல் கிளட்சின் கடைசிக் காலத்தில்தான் கார் நம் கைக்கு வருகிறது.

கார் பார்க்கப் போகும்போது

முதலில் ஒரு விஷயம். தனியாரிடம் கார் பார்க்கப் போனால், அவருடைய இன்சூரன்ஸ் உங்களுக்குச் செல்லும் என்று நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு, ஏன் ஒரு மணி நேரத்துக்குக்கூடத் தற்காலிக இன்சூரன்ஸ் ஃபோனிலேயே எடுக்கலாம். எடுத்துவிட்டு ஓட்டுங்கள். ஓட்டாமல் வாங்காதீர்கள்.

ஓட்டுவதற்கு முன் நிறுத்திய நிலையில் ஒரு சோதனை. சமதரை, முன்னால் பின்னால் ஆள் இல்லாத இடம். ஹேண்ட்பிரேக் முழுதாக இழுத்து, வலது கால் பிரேக் மேல் இருக்க, மூன்றாவது கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் வண்டி ஒரு உலுக்கு உலுக்கி உடனே ஆஃப் ஆகிவிடும். காலை முழுதாக எடுத்த பிறகும் இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால், கிளட்சுக்குள் உராயும் தட்டு (கிளட்ச் பிளேட்) தேய்ந்துவிட்டது, விலை பேசுவதா கிளம்புவதா என்று அங்கேயே முடிவு செய்யலாம். ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல கிளட்சும் கெடும்.

அடுத்தது ரோட்டில். லண்டனில் பாதித் தெருக்கள் 20 மைல் வேகம். விற்பவர் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தால் எதுவும் தெரியாது. என்னைப் போல ஏமாறுவீர்கள். 40 மைல் வேகம் அனுமதிக்கும் சாலைக்கோ ஒரு ஏற்றத்துக்கோ கொண்டு போங்கள். நான்காவது கியரில் 30 மைல் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள்ளும் வேக முள்ளும் சேர்ந்து ஏற வேண்டும். ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி மேலே போய், வேக முள் சோம்பேறியாகப் பின்னால் வந்தால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது வழுக்குகிறது. ஆரம்பத்தில் இது ஐந்தாவது கியரிலும், வண்டி நிறைய ஆள் ஏற்றிய நாளிலும்தான் தலைகாட்டும். முற்றிய பிறகு இரண்டாவது கியரிலேயே தெரியும்.

பெடல் மேலே வந்து பிடித்தால் கிளட்ச் தேய்ந்தது என்று ஊரில் சொல்வோம். பாதி உண்மை. பழைய கேபிள் கிளட்சுக்கு அது சரி. இப்போதைய கார்களில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக். சிலவற்றில் தேய்மானத்துக்கு ஏற்பத் தானே சரி செய்துகொள்ளும் பிரஷர் பிளேட்டும் (தட்டை அழுத்திப் பிடிக்கும் மூடி) இருக்கிறது. அதில் பெடல் கடைசி வரை ஒரே இடத்தில் பிடிக்கும். அதனால் பெடல் உயரத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.

எல்லாக் குறையும் தட்டின் குறை அல்ல

என் காரைக் கயிறு கட்டி இழுக்காத குறையாக ஒரு சின்ன கராஜுக்குக் கொண்டு போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயசிருக்கும். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"தம்பி, இது பிளேட் முடிஞ்சுது. பெடலுக்கு மேல காலை வச்சுக்கொண்டே ஓடுறனீங்களோ?"

"ஆமாண்ணே, ஊரில் எல்லாரும் அப்படித்தான்..."

"அதுதான். ஆனால் மூண்டு கிழமையில உங்களால இவ்வளவு ஏலாது. வித்தவரும் உங்களைப் போலத்தான் ஓடியிருக்கிறார்."

சாயங்காலம் கழற்றிய தட்டைக் கையில் கொடுத்தார். கிளட்ச் பிளேட்டின் இரண்டு பக்கமும் உராயும் பட்டை ஆணியடித்து ஒட்டியிருக்கும். புதுத் தட்டில் ஆணித்தலைகள் பட்டைக்கு உள்ளே ஆழமாகப் பதிந்திருக்கும், விரலால் தடவினால் பள்ளம் தெரியும். என்னுடையதில் ஆணித்தலையும் பட்டையும் ஒரே மட்டம். இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் ஆணித்தலை ஃப்ளைவீலை (தட்டு ஒட்டிப் பிடிக்கும், இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) சுரண்ட ஆரம்பித்திருக்கும், அப்புறம் அதற்கும் தனிச் செலவு. ஃப்ளைவீல் முகத்தில் ஏற்கெனவே நீலநீலமாகச் சில திட்டுகள். சூட்டில் வெந்த இரும்பின் நிறம்.

அவரிடம் கற்ற இன்னொன்று: "கிளட்ச் போய்விட்டது" என்று நாம் சொல்வதில் நான்கைந்து வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. பெடல் பஞ்சுபோலத் தொய்ந்து கீழேயே நின்றுவிடுகிறது, ரிவர்ஸ் போடும்போது நறநறவென்று சத்தம் வருகிறது என்றால் தட்டு நன்றாகவே இருக்கலாம். ஹைட்ராலிக்கில் எண்ணெய் (பிரேக் ஃப்ளூயிட்) கசிவதாக இருக்கலாம். பல கார்களில் கிளட்சும் பிரேக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் எண்ணெய் எடுத்துக்கொள்ளும். பானட்டைத் திறந்து அந்த டப்பாவின் அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் பிரேக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், தள்ளிப் போடாதீர்கள். பெடலை மிதிக்கும்போது எண்ணெய் அழுத்தத்தில் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருந்தால் சின்ன வேலை. இப்போதைய கார்கள் பலவற்றில் அது ரிலீஸ் பேரிங்கோடு (பிரஷர் பிளேட்டைத் தள்ளும் பேரிங்) சேர்ந்து கியர்பாக்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொட கியர்பாக்ஸை இறக்க வேண்டும்; இறக்கினால் கிளட்சையும் மாற்றிவிடுவதுதான் புத்தி.

சத்தத்துக்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு. பெடலை மிதித்தால் 'கிர்ர்' என்று வந்து, விட்டால் நின்றால் ரிலீஸ் பேரிங். விட்டிருக்கும்போது சத்தம், மிதித்தால் நிற்கிறது என்றால் கியர்பாக்ஸ் உள் பேரிங். அது வேறு கதை, கிளட்ச் மாற்றினால் போகாது. டீசல் காரில் ஐடிலிங்கில் தகர டப்பாவுக்குள் கோலி உருட்டின மாதிரி சத்தம், இன்ஜினை ஆஃப் செய்யும் நொடியில் ஒரு 'கடகட' என்றால் டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்ற இரட்டை ஃப்ளைவீலைச் சந்தேகிக்க வேண்டும். நகரும்போது மட்டும் வண்டி நடுங்கினால் தட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், ஃப்ளைவீலில் சூட்டுத் திட்டு இருக்கலாம், வெறும் இன்ஜின் மவுன்டாகவும் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பு) இருக்கலாம். மவுன்டைப் பார்க்காமல் கிளட்ச் என்று தீர்ப்பு எழுதும் கராஜைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

மோட்டார்வேயில் போகும்போது ஸ்லிப் ஆரம்பித்தால் பயந்து அழுத்தாதீர்கள், அழுத்தினால் சூடேறி ஒரேயடியாகப் போய்விடும். ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, கிடைக்கிற வேகத்தில் இடது லேனுக்கு வந்து அடுத்த வெளிவாசலில் இறங்குங்கள்.

எதை வாங்குவது

இங்கே செலவில் பெரிய பங்கு சாமானுக்கு இல்லை, கூலிக்கு. கியர்பாக்ஸை இறக்கி ஏற்ற சாதாரணக் காருக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். லண்டன் பக்கம் சின்ன கராஜிலேயே மணிக்கு 60 முதல் 100 பவுண்ட் கேட்பார்கள், கம்பெனி டீலரிடம் அதற்கும் மேல். சாதாரணச் சின்னக் காரின் கிளட்ச் கிட் 100லிருந்து 250 பவுண்டுக்குள் கிடைத்துவிடும். அதனால் சாமானில் நாற்பது பவுண்ட் மிச்சம் பிடிப்பது அர்த்தமில்லாத சிக்கனம். ஒரு வருடத்தில் பேரிங் கத்தினால் அதே ஐந்து மணி நேரக் கூலியை மறுபடி கொடுப்பீர்கள்.

தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பேரிங் உள்ளே ஸ்லேவ் சிலிண்டரோடு சேர்ந்த கார் என்றால் 'டூ பீஸ் கிட்' என்று தட்டும் பிரஷர் பிளேட்டும் மட்டும் மலிவாக விற்பார்கள். அந்த விலையைப் பார்த்து மயங்கி, பழைய சிலிண்டரை உள்ளேயே விட்டுவிடாதீர்கள். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கசிவு புதுத் தட்டில் படிந்தால் எல்லாம் வீண்.

பிராண்ட் என்று பார்த்தால் லூக், சாக்ஸ், வேலியோ ஆகிய மூன்றும் ஐரோப்பியக் கார் கம்பெனிகளுக்கே கிளட்ச் கொடுப்பவை. ஜப்பான் கார்களுக்கு எக்ஸிடி, ஐசின். கார் கம்பெனியின் பெட்டியில் வருவதும் பெரும்பாலும் இவர்களில் ஒருவர் செய்ததுதான், பெட்டிக்குத்தான் கூடுதல் விலை. பேர் தெரியாத பெட்டியும் வேண்டாம், பழைய கிளட்சை மறுபடி பட்டை ஒட்டி விற்பதும் வேண்டாம். இது என் கட்சி. டாக்ஸி ஓட்டும் நண்பர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

நம்பர் பிளேட்டை மட்டும் கொடுத்து ஆன்லைனில் ஆர்டர் செய்வது பலமுறை சரியாக வரும், சிலமுறை காலை வாரும். ஒரே வருடத்து ஒரே மாடலில் இரண்டு விதக் கியர்பாக்ஸ் இருக்கும். முன் கண்ணாடியின் அடியிலும் வி5சி லாக்புக்கிலும் (வண்டியின் பதிவுச் சான்று) இருக்கும் சேசிஸ் நம்பரைக் கொடுத்து உறுதி செய்யுங்கள். சொல்லப்போனால் சாமானைக் கராஜிடமே வாங்கச் சொல்வது நல்லது. நீங்கள் வாங்கிக் கொடுத்த சாமான் கெட்டால் பல கராஜ்கள் கூலிக்கு வாரண்டி தர மாட்டா.

டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள கார் என்றால் செலவு எகிறும். ஃப்ளைவீலுக்கே 250லிருந்து 500 பவுண்ட், சிலவற்றுக்கு அதற்கு மேலும். ஆட்டம் அதிகமில்லை, சூட்டுத் திட்டு இல்லை என்று அளந்து பார்த்த மெக்கானிக் சொன்னால் பழையதை வைத்துக்கொள்ளலாம். அளக்காமல் "எல்லாத்தையும் மாத்திடலாம்" என்பவரிடமும், "அதெல்லாம் தேவையில்லை" என்பவரிடமும் ஒரே கேள்வி: எவ்வளவு ஆடுகிறது, எவ்வளவு வரை ஆடலாம்? இரட்டை ஃப்ளைவீலுக்குப் பதிலாகச் சாதாரண ஒற்றை ஃப்ளைவீல் போடும் மாற்றுக் கிட்டும் கிடைக்கிறது. மலிவு, உறுதி. ஆனால் அந்த இரட்டை ஃப்ளைவீல் இருப்பதே இன்ஜின் அதிர்வை விழுங்கத்தான். எடுத்தால் அதிர்வு கியர்பாக்ஸுக்கும் உங்கள் காலுக்கும் வரும். நான் போட மாட்டேன்.

விலை கேட்கும்போது இவ்வளவையும் ஒரே மூச்சில் கேளுங்கள்: கிட் எந்த பிராண்ட், ஸ்லேவ் சிலிண்டர் சேர்த்தா, ஃப்ளைவீல் மாற்ற வேண்டி வந்தால் எவ்வளவு, வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்த்தா தனியா. கடைசிக் கேள்வியை விட்டால் 600 என்று சொன்ன பில் 720 ஆகி வரும், வாட் 20 சதவீதம். மூன்று கராஜுக்கு ஃபோன் செய்யுங்கள், கழற்றிய பழைய சாமானைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கார் 1,200 பவுண்ட் மதிப்பு, வேலை 900 பவுண்ட் என்றால், துருவும் டயரும் பிரேக்கும் எப்படி இருக்கின்றன என்று பழைய எம்ஓடி விவரங்களை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டீலரிடம் வாங்கிய கார் என்றால் உங்களுக்கு 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. வாங்கும்போதே குறை இருந்தது என்றால் 30 நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். ஆனால் எண்பதாயிரம் மைல் ஓடிய காரில் கிளட்ச் தேய்வது இயல்பு என்று அவர் வாதாடுவார், அதிலும் நியாயம் உண்டு. அதனால் முதல் வாரமே சோதித்து, குறையை ஈமெயிலில் எழுதிப் போடுங்கள். தனியாரிடம் வாங்கினால் இந்த வழி இல்லை.

புதுக் கிளட்ச் போட்டபின் முதல் சில நூறு மைல் மென்மையாக ஓட்டுங்கள். சிக்னலில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தொங்க விடும் ஊர்ப் பழக்கம் இங்கே காசு. இடது கால் பெடலுக்குப் பக்கத்துத் தரையில் இருக்கட்டும். பில்லில் கார் நம்பர், ஓடிய மைல், போட்ட பிராண்ட் மூன்றும் எழுதி வாங்கி, லாக்புக்கோடு சேர்த்து வையுங்கள். 12 மாதம் அல்லது 12,000 மைல் வாரண்டி வழக்கம். நடுக்கமோ சத்தமோ வந்தால் முதல் மாதத்திலேயே கொண்டு போங்கள், பதினோராவது மாதம் வரை சகித்துக்கொண்டிருக்க வேண்டாம்.